பிஸ்கட் போட்டு வளர்த்த பகை

2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை, சரியாக ஐந்து நிமிடம், இலங்கை மக்கள் தங்கள் வளவிலும் வயலிலும் கண்ட குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணிப் படிவம் நிரப்பினார்கள். சில மாதங்களில் முடிவு வந்தது. நாட்டில் செங்குரங்குகள் மட்டும் 50 இலட்சத்துக்கு மேல் என்றது அரசு. 2023இல் அதே அரச இயந்திரம் சொன்ன கணக்கு 20 தொடக்கம் 30 இலட்சம். இரண்டு வருடத்தில் குரங்கு அப்படி இரட்டிக்காது. ஐந்தாறு வயதில்தான் முதற்குட்டி ஈனும், ஒரு முறைக்கு ஒன்றுதான் ஈனும் என்னும் விலங்குக்கு அது முடியாத காரியம். வேலிக்கு இந்தப் பக்கம் 8.01க்கு எண்ணிய கூட்டத்தையே வேலிக்கு அந்தப் பக்கம் 8.03க்கு அயல்வீட்டார் எண்ணியிருப்பார்கள்.

கொழும்பில் இதை வைத்துப் பகிடி பண்ணினார்கள். எண்ணிய நாளுக்கு ஒரு மாதம் முன்புதான், பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது என்று மின்சக்தி அமைச்சர் சொல்லியிருந்தார். ஒரு குரங்கு கை வைத்தால் ஒரு நாடே இருண்டுவிடும் என்ற நிலையில் மின்கட்டமைப்பு ஏன் இருந்தது என்ற கேள்வி பிறகுதான் வந்தது. குரங்கைக் குற்றம் சாட்டுவது எப்போதும் வசதி. அது அறிக்கை விடாது.

திரியாயில் இதைப் பகிடியாக எடுக்க முடியாது. திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளி, குச்சவெளி எல்லாம் தாண்டிப் போனால் வரும் பழந்தமிழ்க் கிராமம் அது. குளமும் வயலும் சேனையும் மாடும் அதன் வாழ்வு. 1980களின் நடுவில் போர் அந்த ஊரைக் கலைத்தது. சனம் அகதியாகி, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இந்தியாவிலும் சிதறியது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தவர்கள் வீடு கட்டினார்கள், கிணறு இறைத்தார்கள், தென்னம்பிள்ளை வைத்தார்கள். இன்று அந்தப் பிரதேசத்துக் கமக்காரரிடம் எது பெரிய தொல்லை என்று கேட்டால் யானையை முதலில் சொல்வார்கள், குரங்கை இரண்டாவதாகச் சொல்வார்கள். யானை வருடத்தில் சில இரவுகள் வரும். குரங்கு ஒவ்வொரு பகலும் வரும்.

அது வரும் விதத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். விடிந்து வெயில் ஏற முன்னமே கூட்டம் வளவின் ஓரப் பாலை மரத்தில் இருக்கும். முதலில் ஒன்றிரண்டு இறங்கும். பப்பாசியில் பழுத்ததை மட்டும் எடுக்காது, செங்காயையும் பிய்த்து ஒரு கடி கடித்துவிட்டு எறியும். தென்னையில் ஏறினால் தேங்காயோடு குரும்பையையும் திருகிப் போடும். இந்த வருடம் விழுந்த குரும்பை அடுத்த வருடத்தின் தேங்காய். 2024இன் கடைசியிலும் 2025இலும் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டி விற்ற நாட்டில் அது எவ்வளவு பணம் என்று எவருக்கும் தெரியும். கச்சானை வேரோடு இழுத்துப் பருப்பை உரித்துத் தின்னும். சோளன் பொத்தியை முறித்து, கன்னப்பைகளுக்குள் மணிகளை அடைத்துக்கொண்டு மரத்துக்கு ஓடும். அந்தப் பைகள் கிட்டத்தட்ட அதன் வயிற்றளவு கொள்ளும் என்பதால் ஒரு நிமிடம் காவல் தவறினாலே போதும், ஒரு வேளைச் சாப்பாடு போய்விடும். ஓட்டுக் கூரையில் பாய்ந்தால் ஓடு உடையும், மாரியில் வீடு ஒழுகும். குசினி யன்னல் கொக்கியைத் தூக்கத் தெரியும். ஆண்கள் கெட்டப்போலோடு வந்தால் மரமேறும், பெண்கள் தடியோடு வந்தால் பல்லைக் காட்டி நின்ற இடத்திலேயே நிற்கும் என்று கமக்காரப் பெண்கள் சொல்வது இலங்கை முழுவதும் கேட்கும் புகார்.

இதை எல்லாம் செய்கிற விலங்கு ஒரு பூச்சிக் கூட்டம் அல்ல என்பதை ஆட்சியாளர்கள் இன்னும் உள்வாங்கவில்லை. அதுதான் இந்தத் தலையங்கத்தின் கவலை. தொகையைக் குறைத்தால் தொல்லை குறையும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பிடி, ஏற்று, சுடு, எண்ணு என்பதே இதுவரை காலமும் கொள்கை. குரங்கு பார்த்துக் கற்கும் விலங்கு. தாய் கற்றதைக் குட்டி கற்கும். நாங்கள் கற்பித்ததைத்தான் அது இப்போது செய்துகாட்டுகிறது. அதன் பாடம் மாறாதவரை தலைகளைக் குறைத்துப் பயனில்லை.

இலங்கைச் செங்குரங்கு உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அழியும் ஆபத்தில் உள்ளதாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைப் பட்டியலிட்டிருக்கிறது. ஊருக்குள் மிதமிஞ்சியும் உலகக் கணக்கில் அருகியும் இருக்கும் ஒரு விலங்கைக் கையாள்வது எளிதல்ல, ஒப்புக்கொள்வோம். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. திருகோணமலைக்கு அயல் மாவட்டமான பொலன்னறுவையில், பழைய நகரின் இடிபாடுகளிடையே வாழும் செங்குரங்குகளை வொல்ஃப்காங் டிட்டஸ் 1968 முதல் தலைமுறை தலைமுறையாகப் பெயர் வைத்துப் பின்தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார். உலகிலேயே மிக நீண்ட குரங்கு ஆய்வுகளில் ஒன்று அது. இரண்டரை மணிநேரப் பயணத் தூரத்தில் அரை நூற்றாண்டு அறிவு கிடக்க, அமைச்சுக்கு ஐந்து நிமிடப் படிவம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த ஆய்விலிருந்து இரண்டு செய்திகள் திரியாய்க்கு நேரே பொருந்தும்.

முதலாவது, இந்தக் குரங்குகளின் தொகையைத் தீர்மானிப்பது உணவு. காட்டில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை வளர்ந்து வயதுக்கு வருவதில்லை. வரட்சி வந்தால் முதலில் சாவது கூட்டத்தில் கீழ்நிலையில் உள்ள தாயின் குட்டி, அதிலும் பெண்குட்டி. கொடுமையாகத் தோன்றினாலும் காட்டின் கணக்கு அப்படித்தான் நேராகிறது. அந்தக் கணக்குக்குள் பணிஸும் சோறும் பழத்தோலும் தினமும் வந்து விழுந்தால், சாக வேண்டிய குட்டி சாகாது. குப்பையும் தானமும் கிடைக்கும் இடங்களில் கூட்டங்கள் பெருத்துப் பிரிந்து பரவுவதைப் பொலன்னறுவையிலேயே கண்டிருக்கிறார்கள். நல்ல உணவைக் கண்ட குரங்கு தனியொரு குரல் கொடுக்கும், அதைக் கேட்ட மற்றவை ஓடிவரும் என்பதை டிட்டஸ் 1984இல் பதிவுசெய்தார். ஒரு குட்டிக்கு இரங்கி வான் யன்னலால் எறியும் ஒரு பிஸ்கட் ஒரு குட்டிக்குப் போவதில்லை. முழுக் கூட்டத்துக்கும் அது அழைப்பு மணி.

இரண்டாவது செய்தி நிலத்தைப் பற்றியது. செங்குரங்கில் ஆண்கள் வயதுக்கு வந்ததும் கூட்டத்தை விட்டுப் போய்விடும். பெண்கள் பிறந்த இடத்திலேயே இருந்து, தாயின் தரத்தையும் தாயின் மரங்களையும் உரிமையாகப் பெறும். கிழக்கிலே வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு என்பது போலத்தான் அங்கேயும். இப்போது திரியாயை நினைத்துப் பாருங்கள். 1980களின் நடுவில் மனிதர் போனார்கள். தென்னையும் மாவும் பலாவும் நின்றன. வயல் பற்றையாயிற்று. குளக்கட்டில் மரம் முளைத்தது. இருபது, இருபத்தைந்து வருடம் என்பது குரங்குக்கு நாலைந்து தலைமுறை. அந்த வளவுகளில் பாட்டி பிறந்தது, தாய் பிறந்தது, மகள் பிறந்தது. அவற்றில் ஒன்று கூட மனிதர் குடியிருந்த திரியாயைக் கண்டதில்லை. உறுதிப்பத்திரத்தோடு திரும்பி வந்த குடும்பங்கள் தங்கள் முற்றத்தில் இறங்கியபோது, அந்த முற்றம் ஏற்கெனவே இன்னொரு தாய்வழிக்குச் சீதனமாகப் போயிருந்தது.

அதனால்தான் பிடித்துக்கொண்டு போய் வேறெங்கோ விடுவது வேலைக்கு ஆகாது. விட்ட இடத்துக் கூட்டம் புதியவற்றைச் சேர்க்காது. சேராதவை மனிதரை நாடும். பிடித்த இடத்தில் வெற்றிடமாகும் மரங்களுக்கு அடுத்த கூட்டம் வரும். ஆனால் நாட்டில் நடப்பது இதுதான்: நகரத்தில் பிடித்த குரங்குகளைக் கூண்டோடு லொறியில் ஏற்றி, இரவில் காட்டோர வீதியில் திறந்துவிட்டுப் போகிறார்கள். பிஸ்கட்டும் குப்பைத்தொட்டியும் மட்டுமே தெரிந்த குரங்குகள் அவை. காலையில் எழுந்து எங்கே போகும்? அருகிலுள்ள கூரைக்கு. காட்டோரக் கிராமத்துக் கமக்காரர் நகரத்தின் தொல்லையையும் சேர்த்துச் சுமக்கிறார். இது குற்றமாகக் கருதப்பட வேண்டும்.

ஏற்றுமதி என்ற யோசனை அதைவிட மோசம். 2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர, சீன மிருகக்காட்சிச்சாலைகளுக்கு ஒரு இலட்சம் செங்குரங்குகளை அனுப்பப்போவதாகச் சொன்னார். ஆயிரம் மிருகக்காட்சிச்சாலைகள், ஒவ்வொன்றுக்கும் நூறு குரங்கு என்ற கணக்கு. அப்படியொரு கோரிக்கை தெரியாது என்றது சீனத் தூதரகம். ஆய்வுகூடக் குரங்குகளுக்கு உலகில் தட்டுப்பாடு, 2020இல் சீனா தன் குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியபின் விலை பல மடங்கு ஏறியிருந்தது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் உடனே சந்தேகப்பட்டார்கள். சுற்றாடல் அமைப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றன. அந்த வருட நடுவில், ஏற்றுமதி செய்யப்போவதில்லை என்று அரசு நீதிமன்றத்தில் சொல்லிப் பின்வாங்கியது. இந்த யோசனை செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தேங்காய் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் அது எழுந்து உட்காரும். அயலில் இந்தியா இதை முழுவதும் அனுபவித்துப் பார்த்தது. 1950களின் பிற்பாதியில் ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் செம்முகக் குரங்குகளை மருத்துவ ஆய்வுக்கென ஏற்றுமதி செய்தது, தொகை சரிந்தது, 1978இல் ஏற்றுமதியைத் தடைசெய்தது. பிறகு? நகரங்களில் கோயிலடித் தானத்திலும் குப்பையிலும் அவை மறுபடி பெருகின. இமாச்சலப் பிரதேசம் 2007 முதல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடை செய்தது. 2016இல் சிம்லாவில் அவற்றைக் கொல்லவும் அனுமதி கொடுத்தார்கள், கொல்லத்தான் ஆளில்லை. அனுமாரைச் சுட எவர் கை எழும்? கருத்தடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உணவு வாயிலைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்தடை செய்வதில்தான் பணம் வீணாகிறது.

ஒரு பிஸ்கட்டில் தொடங்கியது எங்கே போய் முடியும் என்பதற்கு நமக்கு இன்னும் நெருங்கிய உறவான சிம்பன்சியின் கதை இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் சிம்பன்சியைத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் கம்பிக்கு அப்பால் பார்த்ததோடு சரி. தன்சானியாவின் கொம்பேயில் 1960இல் அவற்றைக் காட்டிலேயே பார்க்கத் தொடங்கிய ஜேன் குடால் 2025 ஒக்டோபர் 1ஆம் திகதி தனது 91ஆவது வயதில் காலமானார். புல் ஈர்க்கைப் புற்றுக்குள் விட்டுக் கறையான் பிடிக்கும் சிம்பன்சியைக் கண்டு, கருவி செய்வது மனிதன் மட்டுமே என்ற நம்பிக்கையை உடைத்தவர் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். பலர் சொல்லாமல் விட்டது வாழைப்பழக் கதை. கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்று 1960களில் முகாமில் வாழைப்பழம் வைத்தார்கள். காட்டில் சிதறித் திரிந்தவை முகாமடியில் குவிந்தன. சண்டைகள் கூடின. பழத்துக்காகக் கூடாரங்களுக்குள் புகுந்தன. பெட்டி திறக்கக் கற்றன. கடைசியில் பழம் கொடுப்பதைக் கடுமையாகக் குறைத்து, பின்னர் முற்றாகவே நிறுத்தினார்கள். நல்லெண்ணமுள்ள விஞ்ஞானிகள் கையாலேயே அப்படி நடந்தது என்றால், சுற்றுலா வானில் வருகிறவரைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

மேற்கு உகண்டாவில் கதை இன்னும் இருண்டது. ஹோய்மா மாவட்டத்துப் புலிண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஆற்றோரக் காடுகளைச் சிறு விவசாயிகள் புகையிலைக்கும் கரும்புக்கும் சோளத்துக்கும் வெட்டினார்கள். வறுமையில் வெட்டினார்கள், குறை சொல்ல முடியாது. காடு போனதும் சிம்பன்சிகள் பலாவுக்கும் வாழைக்கும் வந்தன. பிறகு வீட்டடிக்கு வந்தன. கியமஜகா என்ற கிராமத்தில் 2014இல் தாய் தோட்டத்தில் நிற்கும்போது பக்கத்தில் இருந்த குழந்தையை ஒரு சிம்பன்சி தூக்கிப்போனது. குழந்தை பிழைக்கவில்லை. அதன் பிறகும் அவை அந்த வீட்டுக்கு வந்து, யன்னல் கண்ணாடியில் தெரிந்த தம் உருவத்தை எதிரியென்று எண்ணி மோதிக்கொண்டிருந்தன. 2017 முடிவில் அந்தக் குடும்பம் வீட்டை விட்டே போய்விட்டது.

மூன்றாவது ஊர் கினியாவின் பொஸ்ஸு. நமக்கு மிகவும் அறிவு தருவது இதுதான். அங்குள்ள மக்கள் சிம்பன்சியைத் தங்கள் முன்னோரின் வடிவாகக் கருதுகிறவர்கள். நாம் அனுமாரின் வழி என்று தொடாதது போல அவர்களும் தொட மாட்டார்கள். கல்லை அடைகல்லாகவும் சுத்தியலாகவும் வைத்துச் செம்பனைக் கொட்டையை உடைக்கும் அந்தக் கூட்டத்தை 1976 முதல் ஜப்பானிய ஆய்வாளர்கள் படித்து வந்தார்கள். வீதியைக் கடக்கும்போது வலுவான ஆண்கள் முன்னும் பின்னும் காவலாகப் போவது அங்கேதான் பதிவாயிற்று. 2003இல் ஒரு சளிக்காய்ச்சல் வந்து சிலவற்றைக் கொன்றது. காடு சுருங்கி, இரண்டு கையால் எண்ணக்கூடிய அளவுக்குக் கூட்டம் தேய்ந்தது. 2024 செப்ரெம்பரில் ஒரு சிம்பன்சி ஒரு பெண்ணின் கைக்குழந்தையைப் பறித்துக் கொன்றது. அன்று தெய்வம், முன்னோர் என்ற பேச்சு எல்லாம் போயிற்று. சனம் திரண்டுபோய் ஆய்வு நிலையத்தை உடைத்துப் பொருட்களைக் கொளுத்தியது.

செங்குரங்கு சிம்பன்சி அல்ல. ஒரு வீட்டுப் பூனையளவு கொஞ்சம் கூடினால் அதன் எடை. குழந்தையைத் தூக்கிப்போகும் பலம் அதற்கில்லை. ஆனால் ஒழுங்கு ஒன்றே: முதலில் காடு போகும், பிறகு உணவு, பிறகு பயம். மனிதரைக் கண்டு பயம் தெளிந்த குரங்கு கடிக்கும். கடித்தால் விசர்நோய்க்கு ஊசி போடப் புல்மோட்டைக்கோ திருகோணமலைக்கோ ஓட வேண்டும். அதன் பின் சனத்தின் பக்கத்தில் அடங்கியிருக்கும் கோபம் வெடிக்கும். நஞ்சு வைத்த வாழைப்பழம் வரும். யானைக்கும் பன்றிக்கும் வைக்கும் வெடி வரும். கள்ள மின்கம்பி வரும். கள்ள மின்கம்பியில் இலங்கையில் மாடும் யானையும் மனிதரும் செத்திருக்கிறார்கள்.

நோய் என்பது ஒருவழிப் பாதை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கொம்பேயில் 1966இல் மனிதரிடமிருந்து வந்ததாகக் கருதப்படும் இளம்பிள்ளைவாதம் சிம்பன்சிகளை முடமாக்கிக் கொன்றது. எதிர்த்திசையில் வந்தது எயிட்ஸ். கெமரூனின் தென்கிழக்கில் சிம்பன்சியிலிருந்து மனிதருக்குத் தாவிய வைரஸ் அது. நமக்குக் கிட்டவே கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் 1957இல் முதலில் குரங்குகள் செத்து விழுந்தன, அடுத்து மனிதர் காய்ச்சலில் விழுந்தார்கள். உண்ணியால் பரவும் அந்த நோய் இன்றும் அந்த மாநிலத்தை விட்டுப் போகவில்லை. குரங்கு செத்துக் கிடந்தால் எவரிடம் அறிவிப்பது என்று குச்சவெளிப் பிரதேசத்தில் ஒரு பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

பயம் எங்கே தெளிகிறது? ஹபரணை தொடக்கம் கந்தளாய் வரை திருகோணமலை வீதியில் வாகனத்தை ஓரங்கட்டிக் குரங்குக்குப் பிஸ்கட் எறிந்து கைபேசியில் படம் பிடிக்கும் காட்சி எல்லோரும் கண்டதுதான். யானைக்கும் அங்கே அதே உபசாரம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் பிரட்ரிக் கோட்டை மான்கள் பொலித்தீனைத் தின்று செத்ததைச் செய்தியில் படித்துக்கொண்டே அடுத்த ஞாயிறு போய் மறுபடி பழத்தோலை நீட்டுகிறோம். புண்ணியம் என்று செய்கிறார்கள், மறுக்கவில்லை. அந்தப் புண்ணியத்தின் செலவைக் கட்டுவது வேறொருவர். திரியாயில் கிரிகண்டிச் சைத்தியம் இருக்கும் மலைக்குத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர் வருகிறார்கள். வரட்டும், நல்லது. அவர்கள் கட்டிவந்த சாப்பாட்டின் மீதியும் பெட்டியும் எங்கே போகின்றன என்பதைப் பிரதேச சபை பார்க்க வேண்டும்.

அந்த மலையைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. மேலே கல்லில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வடமொழிக் கல்வெட்டு ஒன்று, கிரந்த எழுத்தில் இருக்கிறது. அதற்குக் காவல் உண்டு, திணைக்களம் உண்டு, எல்லைக்கல் உண்டு. கீழே வயலுக்கு? தொல்லியல், வனம் என்று அடையாளமிட்ட காணிகளில் கமக்காரர் பற்றை வெட்டினால் வழக்கு. போர்க்காலத்தில் விட்டுப்போன வயல் இருபது வருடத்தில் காடாகத் தெரிந்தது, காடாகத் தெரிந்ததால் காடு என்று வரைபடத்தில் ஏறியது. சொந்த உறுதி வைத்திருப்பவரும் அலுவலகப் படியேறிக்கொண்டிருக்கிறார். வீட்டு வேலியிலிருந்து ஐம்பது யாருக்குப் பற்றை இல்லாத வெளி இருந்தால் குரங்குக் கூட்டம் துணிந்து இறங்காது. வெட்டவெளியைக் கடப்பது அதற்குப் பயம். அந்த ஐம்பது யாரை வெட்ட அனுமதி இல்லாத ஊரில் குரங்குக்கு வீடுவரை மரவழி இருக்கிறது. பழைய காட்டை வெட்டச் சொல்லவில்லை. பழைய வயலை வயலாக இருக்கவிடுங்கள் என்கிறோம். காணிப் பிணக்கும் குரங்குத் தொல்லையும் வேறு வேறு மேசைகளுக்குப் போகும்வரை இரண்டும் தீராது.

அதே சமயம் உண்மையான காடு சுருங்கியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேற்கே யான் ஓயாவை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது பெருங்காடு நீருக்குள்ளும் குடியேற்றத்துக்குள்ளும் போனது. அங்கிருந்த யானையும் குரங்கும் ஆவியாகிப் போகவில்லை. திட்டத்தின் செலவுக் கணக்கில் கீழ்ப்பகுதிக் கிராமங்களின் சோளனும் தென்னையும் ஏறவே இல்லை.

இழப்பீட்டின் கதியும் அதுவே. அரசின் இலவசப் பயிர்க்காப்புறுதி நெல், சோளம் போன்ற குறித்த பயிர்களுக்கு, வெள்ளம், வரட்சி, காட்டுயானை என்பவற்றை முன்வைத்து அமைந்தது. குரங்கு திருகிய குரும்பைக்கு அதில் இடமில்லை. வீட்டுத்தோட்டத்துப் பப்பாசிக்கு இல்லவே இல்லை. ஆனால் வீட்டுத்தோட்டம்தான் மீளக்குடியேறிய குடும்பத்தில், பெரும்பாலும் பெண்ணின் கையில் உள்ள ஒரே காசு. போரில் கணவனை இழந்து தனியே வளவைப் பார்க்கும் பெண்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆள் சமையல், கிணறு, பிள்ளை, காவல் எல்லாம் பார்க்க முடியாது. அவர் பயிரைக் கைவிடுகிறார். அடுத்து வளவைக் கைவிடுகிறார். நகரத்துக்கு அருகே ஒரு அறை எடுத்துப் போய்விடுகிறார். அவர் போன வளவில் கூட்டம் இறங்குகிறது, அடுத்த வளவுக்கு அது ஒரு படி கிட்டவாகிறது. ஷெல்லடித்துக் கலைத்த ஊர் இப்படிச் சத்தமில்லாமல் இரண்டாம் முறை கலையத் தொடங்கியிருக்கிறது. அபாயம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் காவல். சேனைக் காலத்தில் பரண் கட்டி முறை வைத்துக் காத்த ஊர் இது. ஆள் குறைந்ததால் முறை செத்தது. கமக்காரர் அமைப்பு மூலம் சோளனும் கச்சானும் முற்றும் அந்த ஆறு வாரத்துக்கு, காலையிலும் மாலையிலும் நாட்கூலிக்கு ஆள் வைப்பதற்குப் பெரிய வெளிநாட்டுத் திட்டம் தேவையில்லை. கமநல சேவை நிலையம் கையெழுத்துப் போட்டால் போதும். துரத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது: இறங்கிய பிறகு கத்துவதில் பயனில்லை, இறங்க முன் ஒவ்வொரு நாளும் துரத்த வேண்டும். ஒரு நாள் விட்டால் பாடம் அழிந்துவிடும். உணவு எறிகிறவருக்கு அந்த இடத்திலேயே தண்டம் அறவிடும் அதிகாரம் பிரதேச சபைக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் வேண்டும். அறிவிப்புப் பலகை மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். எறிகிறவர்கள் மூன்று மொழியிலும் இருக்கிறார்கள். குப்பைக்கு மூடியுள்ள தொட்டி வேண்டும். கருத்தடை செய்வதானால் ஊரை ஒட்டிய கூட்டங்களை இனங்கண்டு, ஒரு கூட்டத்தின் பெரும்பாலான பெண்குரங்குகளுக்கும் செய்து, அதே கூட்டத்தை வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். அங்கொன்று இங்கொன்று வெட்டிப் படம் பிடிப்பதால் ஒன்றும் ஆகாது. நகரத்துக் குரங்கை இங்கே இறக்குகிறவரை வீதித் தடையில் மறித்துப் பிடிக்கப் பொலிஸாருக்கு எழுத்தில் உத்தரவு வேண்டும். வீதித் தடைகளுக்கு இந்த வீதியில் என்றைக்கும் குறைவிருந்ததில்லை.

இதில் இன ஆதாயம் தேட எவரும் வர வேண்டாம். திரியாயில் தமிழரின் தென்னையில் ஏறும் கூட்டம்தான் புல்மோட்டை முஸ்லிம்களின் பப்பாசியிலும், மேலே சிங்களக் கிராமத்தின் சோளனிலும் ஏறுகிறது. மூன்று சமூகத்துக் கமக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்திடக்கூடிய விடயம் இந்த மாவட்டத்தில் அதிகம் இல்லை. இது ஒன்று.

பெரும்போக விதைப்பு ஒக்டோபரில் தொடங்கும். சேனைச் சோளன் தை மாதமளவில் முற்றும். அதற்கு முன் குச்சவெளிப் பிரதேச செயலகத்தின் விவசாயக் குழுக் கூட்டத்தில் குரங்கு தனி விடயமாக நிகழ்ச்சிநிரலில் ஏற வேண்டும். வன, தொல்லியல், வனஜீவராசிகள், கமநல அதிகாரிகள் ஒரே மேசையில் இருக்க வேண்டும். வேலியோரப் பற்றை வெட்டும் அனுமதி, காவலாள் கூலி, காப்புறுதியில் குரங்கைச் சேர்க்கும் பரிந்துரை என்ற மூன்றுக்கும் திகதி குறித்த பதில் வேண்டும். திரியாய்க் கமக்காரர் அமைப்பு அந்தக் கூட்டத்துக்கு வாய்முறைப்பாட்டோடு போகாமல், எந்த வளவில், எந்த நாளில், எத்தனை குரும்பை, எத்தனை ஓடு என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போகட்டும்.